பங்கு கையில் இருக்கும், வாங்க ஆள் இருக்காது: பட்டியல் நீக்கம் பற்றி ஒரு கேள்வி பதில்

போன கிழமை நம் திருகோணமலைக் குழுவில் ஒருவர் தன் சிடிஎஸ் கணக்குக் கூற்றை (கையிலுள்ள பங்குகளைப் பதிந்து வைக்கும் கணக்கின் கூற்று) படமெடுத்துப் போட்டு, "இந்தக் கம்பனியை டீலிஸ்ட் செய்யப் போகிறார்களாம், என் காசு போச்சா?" என்று கேட்டார். டீலிஸ்ட் என்றால் ஒரு கம்பனியின் பங்கைக் கொழும்புப் பங்குச் சந்தையின் பட்டியலிலிருந்து நீக்குவது, அதன்பின் அந்தச் சந்தையில் அதை வாங்கவோ விற்கவோ முடியாது. நான் எழுதிய பதிலுக்குக் கீழே கேள்விகள் வரிசைகட்டி நின்றன. அதனால் இன்று போயா விடுமுறை, மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு உட்காருகிறேன், கேளுங்கள் என்றேன். கொழும்பில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 22 வருடம் இருந்தவன் நான். எதை வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். மற்றது எதுவும் கேட்கலாம்.

உப்புவெளி வாசகர்: டீலிஸ்ட் ஆனால் பங்கு செல்லாக்காசு ஆகிவிடுமா ஐயா?

ஆகாது. பங்கு என்பது கம்பனியில் உங்களுக்குள்ள உரித்து. சந்தை அதை விற்கும் இடம். நாளைக்கு நம்மூர் மீன் சந்தையைப் பூட்டினால் உங்கள் வள்ளத்திலுள்ள பாரை மீன் காணாமல் போய்விடாது. ஆனால் பத்து மணி வெயில் ஏறுவதற்குள் அதை யாரிடம் கொடுப்பீர்கள்? கரையில் நிற்கும் ஒரே ஆளிடம், அவர் சொன்ன விலைக்கு.

கம்பனி பங்கிலாபம் அறிவித்தால் உங்களுக்கும் வரும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஆண்டுக் கூட்டத்துக்கும் அழைப்பு வரும். போவது வேறு சில. தினமும் தெரிந்த விலை போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த கணக்கு நின்றுவிடும். பட்டியலிலுள்ள பங்கைச் சந்தையில் விற்ற ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்ற சலுகையும் போகும்.

என்னிடமே அப்படி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். கம்பனி கணக்குச் சமர்ப்பிக்கவில்லை என்று சந்தையில் அந்தப் பங்கின் வியாபாரத்தை நிறுத்தி வைத்தார்கள், அதோடு சரி. தரகர் அனுப்பும் கூற்றில் அந்த வரி இன்னும் வருகிறது: எண்ணிக்கை 2,000, கடைசி விலை 4.10, பெறுமதி 8,200 ரூபாய். செத்தவர் பெயர் வாக்காளர் இடாப்பில் கிடப்பது போல. மனைவி முதலில் அதைக் கூட்டித்தான் மொத்தம் பார்ப்பாள். இப்போது அவளே பென்சிலால் வெட்டிவிட்டுக் கூட்டுகிறாள்.

மூதூரிலிருந்து ஒரு மாணவர், உயர்தர வர்த்தகப் பிரிவு: எந்தக் காரணத்துக்காக நீக்குவார்கள் சேர்?

நல்ல கேள்வி தம்பி, இதற்கு நேரம் எடுக்கிறேன். கம்பனி தானாக விரும்பிப் போவது ஒரு வகை. தள்ளிவிடப்படுவது இன்னொரு வகை. தள்ளிவிடுவது ஒரே இரவில் நடப்பதில்லை, படிப்படியாக வரும்.

காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கணக்கு வரவேண்டும், நான்காம் காலாண்டுக்கு மட்டும் இரண்டு மாதம். ஆண்டறிக்கைக்கு ஐந்து மாதம். மார்ச் 31இல் ஆண்டு முடியும் கம்பனி என்றால் ஆகஸ்ட் முடிவதற்குள் வந்திருக்க வேண்டும். தவறினால் முதலில் அறிவித்தல். அப்புறம் வாட்ச் லிஸ்ட் என்று முன்பு சொன்ன, இப்போது செக்கண்ட் போர்ட் எனப்படும் ஒதுக்குப்புறத்துக்கு மாற்றுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் வியாபார இடைநிறுத்தம். நீக்கம் கடைசிப் படி. ஆனால் சின்ன முதலீட்டாளருக்குக் கதவு மூடுவது இடைநிறுத்தத்திலேயேதான். நீக்க அறிவித்தல் வரும்போது நாம் ஏற்கெனவே உள்ளே பூட்டப்பட்டிருப்போம். எல்லாரும் கடைசிப் படியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், அதுதான் தவறு.

இன்னொன்று, பொதுமக்கள் கையில் குறிப்பிட்ட அளவு பங்கு இருக்கவேண்டும். மெயின் போர்ட் எனப்படும் பிரதான பட்டியலில் சிறிய கம்பனிக்கு 20 சதவீதம், பெரியவற்றுக்கு அளவைப் பொறுத்துக் குறையும்.

இனி நான் வழக்கமாகப் பாடும் பாட்டு. ஆண்டறிக்கை கிடைத்தால் கணக்காய்வாளர் அறிக்கையை முதலில் படியுங்கள். நீ படிக்கும் 'தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு' பரீட்சைக்கு மட்டும் உள்ளதென்று நினைக்காதே. கணக்காய்வாளர் அந்தச் சொல்லை எடுத்து, இந்தக் கம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் நிச்சயமின்மை உண்டு என்று ஒரு பந்தி எழுதிவிட்டால், வைத்தியர் கதவைச் சாத்திவிட்டு வீட்டாரைத் தனியே கூப்பிட்டுக் கதைப்பது மாதிரி. அதோடு தேறிய சொத்து (கடன்களைக் கழித்து மிஞ்சுவது), கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகக் கம்பனி பெற்ற பணம்) பாதிக்குக் கீழே போய்விட்டதா என்று பார். போயிருந்தால் பணிப்பாளர் சபை விசேட பொதுக்கூட்டம் கூட்டிப் பங்குதாரருக்கு விளக்கம் சொல்லவேண்டும் என்று அதே சட்டத்தின் 220ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அழைப்புக் கடிதத்தைக் கல்யாணக் கார்ட் போல ஓரமாக வைத்துவிடாதே.

நிலாவெளி வாசகர்: கனடாவிலுள்ள தம்பி, அவன் பங்கு ஒரு டொலருக்குக் கீழே போனால் நீக்கிவிடுவார்கள் என்கிறான். இங்கேயும் அப்படியா?

அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை. அங்கே தொடர்ந்து 30 வியாபார நாள் ஒரு டொலருக்குக் கீழே நின்றால் கடிதம் வரும், சரிசெய்ய 180 நாள் தவணை. அதனால்தான் அங்கே பத்துப் பங்கை ஒன்றாக்கி விலையை உயர்த்திக் காட்டுவார்கள். கொழும்பில் ஒரு ரூபாய்க்குக் கீழே உள்ள பங்கும் ஆண்டுக்கணக்கில் கைமாறிக்கொண்டிருக்கும். இங்கே விலை இறங்கியதற்காக நீக்குவதில்லை.

கன்னியா வாசகர்: நிதிக் கம்பனி ஒன்றில் நிலையான வைப்பு வைத்திருக்கிறேன். அது பட்டியலிலிருந்து போனால்?

வைப்பு வேறு, பங்கு வேறு. நீங்கள் கடன் கொடுத்தவர், பங்குதாரர் உரிமையாளர். நீங்கள் பார்க்கவேண்டியது மத்திய வங்கி உரிமத்தை. த ஃபினான்ஸ் கம்பனி பட்டியலில் இருந்த கம்பனிதான். 2020 மே 22இல் மத்திய வங்கி அதன் உரிமத்தை இரத்துச் செய்தது. வைப்பாளருக்குக் காப்புறுதித் திட்டத்தில் 6 இலட்சம் வரை இழப்பீடு கிடைத்தது, பிறகு அந்த எல்லை 11 இலட்சமானது. பங்கு வைத்திருந்தவருக்கு அப்படியொரு திட்டம் கிடையாது. வைப்பு அதைவிடக் கூட என்றால் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

சீனன்குடா வாசகர்: நம்மூர் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து எரிபொருள் கம்பனியான ஐஓசி பங்கு வாங்கினேன். முக்கால்வாசி இந்தியத் தாய்க் கம்பனியிடம் என்கிறார்கள். ஆபத்தா?

லங்கா ஐஓசி 2004 டிசம்பரில் பட்டியலுக்கு வந்தது. இந்தியன் ஒயிலிடம் 75 சதவீதத்துக்குச் சற்று மேல், மிச்சம் பொதுவில். கால்வாசி பொதுவில் இருப்பதால், பொதுமக்கள் கையில் இவ்வளவு பங்கு இருக்கவேண்டும் என்று முன்பு சொன்ன நிபந்தனையில் பிரச்சினை இல்லை. தாய்க் கம்பனி பெரிதாக இருப்பது மட்டும் ஆபத்தல்ல, அது இன்னும் பங்கு சேர்க்கத் தொடங்கினால் கவனியுங்கள். மற்றது, 99 தாங்கியும் ஐஓசியினுடையவை என்று நினைத்து வாங்கியிருந்தால் கணக்குப் பிழை. 2022 ஒப்பந்தப்படி அவர்களிடம் 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் 24, மீதி 61 கூட்டுக் கம்பனியிடம். அதில் ஐஓசிக்கு 49 சதவீதம்.

பாலையூற்று வாசகர்: பிரீமா மா ஆலைப் பங்கு டீலிஸ்ட் ஆகிவிட்டதா? தேடினால் வரவில்லை.

அந்த ஆலை பிரைவேட் லிமிட்டெட், அதாவது பட்டியலில் இல்லாத தனியார் கம்பனி. ஏறாதது எப்படி இறங்கும்?

ஒருவர்: இப்போது எதை வாங்கலாம்?

முதல் பந்தியைப் படிக்கவும்.

தம்பலகாமம் ஆசிரியை: தானாக விலகும் கம்பனி பற்றிச் சொல்லவில்லையே. எனக்கு அப்படி ஒன்றில் நல்ல இலாபம். அறிவித்தல் வந்ததும் விலை ஏறியது, விற்றுவிட்டேன். இதையெல்லாம் ஆபத்து என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

கிண்ணியா வாசகர்: டீச்சருக்கு இலாபம், எனக்கு நட்டம். பெரியவர்கள் சேர்ந்து விலையைத் தீர்மானித்துவிட்டு 'இந்தா எடு' என்கிறார்கள். இது பகல் கொள்ளை.

இரண்டு பேரும் ஒரே கம்பனியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரக்கு அனுப்பும் கம்பனியான எக்ஸ்போலங்கா. 2011இல் பங்கொன்று 14 ரூபாய்க்கு மக்களுக்கு விற்றார்கள். 2024இல் ஜப்பானியத் தாய் நிறுவனமான எஸ்ஜி ஹோல்டிங்ஸ் 185 ரூபாய் தந்து எடுத்துக்கொண்டு பட்டியலிலிருந்து வெளியே போனது. 14க்கு வாங்கியவர் பாயாசம் வைத்தார். 2022 ஜனவரியில், அந்தப் பங்கு 185ஐ எங்கோ கீழே விட்டுவிட்டுப் பறந்த நாட்களில் வாங்கியவருக்கு அதே 185 நெஞ்சில் கல்.

கிண்ணியா வாசகர்: அதைத்தான் நானும் சொல்கிறேன் ஐயா. கப்பல் கட்டணம் திரும்ப ஏறினால் பங்கும் ஏறியிருக்கும். காத்திருக்கும் உரிமையை ஏன் பறிக்கவேண்டும்?

தம்பலகாமம் ஆசிரியை: காத்திருந்து இன்னும் இறங்கியிருந்தால்? அப்போது யாரைத் திட்டுவீர்கள்?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கிண்ணியாக் காக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. விலகும் நேரத்தைத் தெரிவு செய்பவர் பெரிய பங்குதாரர். பங்கு வாடிக் கிடக்கும்போதுதான் அவருக்கு ஆசை வரும், தேங்காய் மலிந்திருக்கும்போது வியாபாரி தோப்பைக் குத்தகைக்குக் கேட்பது போல. விலகுவதற்கான விசேட தீர்மானத்துக்குப் பங்குதாரர் கூட்டத்தில் 75 சதவீத வாக்கு வேண்டும். ஆனால் சின்னப் பங்குதாரர் கொழும்பில் நடக்கும் கூட்டத்துக்கு இரவு ரயில் ஏறிப் போகப்போவதில்லை, தனக்குப் பதிலாக வாக்களிக்க ஒருவரை நியமிக்கும் பதிலாள் படிவத்தைக்கூட நிரப்புவதில்லை. காக்கா, நீங்கள் நிரப்பினீர்களா?

கிண்ணியா வாசகர்: இல்லை.

சரி. டீச்சர் பக்கமும் ஒன்று. விலகும்போது வெளியேற ஒரு விலை வைக்கிறார்கள். தள்ளிவிடப்படும் கம்பனியில் அதற்கும் ஆள் இருக்காது. என் 2,000 பங்குக்கு ஒருவர் ஒரு ரூபாய் சொன்னால்கூட ஓடிப்போய்க் கையெழுத்து வைப்பேன்.

விற்காமல் இருக்கலாமா என்றால், இருக்கலாம். யாரும் கையை முறுக்க முடியாது, ஒரு விதிவிலக்கோடு: பங்குகளை எடுத்துக்கொள்ள ஒருவர் முன்வைக்கும் விலைக்கு 90 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்கள் சம்மதித்துவிட்டால் மிச்சத்தைக் கட்டாயமாக எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்குக் குறைவென்றால் நீங்கள் உள்ளேயே இருக்கலாம், சந்தையில்லாத கம்பனியின் சின்னப் பங்காளியாக. பிள்ளைக்கு எழுதிவைக்கும் எண்ணத்தில் அப்படி இருந்த ஒரு வாடிக்கையாளரை எனக்குத் தெரியும். பங்கிலாபக் காசோலை ஒழுங்காக வந்தது. மகளின் கல்யாணத்துக்குக் காசு தேவைப்பட்டபோதுதான், வாங்கக்கூடிய ஒரே ஆள் முன்பு வேண்டாமென்று திருப்பி அனுப்பிய அதே பெரிய பங்குதாரர் என்பது தெரிந்தது. இந்த முறை அவர் சொன்ன விலை முந்தியதைவிடக் குறைவு.

தம்பலகாமம் ஆசிரியை: அப்போ நான் செய்தது சரிதானே?

உங்களுக்குச் சரி. அறிவித்தல் வரும் என்று எண்ணி முன்கூட்டியே வாங்கி வைக்கும் பழக்கம் மட்டும் வந்துவிட வேண்டாம்.

கிண்ணியா வாசகர்: கொள்ளைதான்.

சரி காக்கா, தேத்தண்ணி ஆறுகிறது. அடுத்தவர்.

ஒருவர்: விலை 60 சதத்துக்கு வந்துவிட்டது. நீக்குவார்களா?

நிலாவெளிக்காரருக்கு எழுதியதைப் பாருங்கள்.

இன்னொருவர்: விலை ரொம்ப இறங்கிவிட்டதே, நீக்கிவிடுவார்களோ?

நிலாவெளி.

அனுராதபுரச் சந்தி வாசகர்: மலிவாகக் கிடக்கிறது, இப்போது வாங்கிப் போட்டால் திரும்ப ஏறாதா?

மலிவு என்பது விலை பற்றிய சொல். ஏன் மலிவு என்பது கணக்காய்வாளர் பக்கத்தில் எழுதியிருக்கும். நாலாவது தடவை சொல்கிறேன்.

மூதூர் மாணவர்: இரண்டாவது தடவைதான் சேர்.

எண்ணிக்கொண்டா இருக்கிறாய்? நல்லது, கணக்காய்வாளராகப் போ.

போன கிழமை படம் போட்டவர்: ஐயா, என் கம்பனிக்கு ஒரு பதிலும் சொல்லவில்லையே. போகுமா, நிற்குமா?

உங்கள் கூற்றை வைத்து அதைச் சொல்ல முடியாது தம்பி. கம்பனியின் ஆண்டறிக்கையை இறக்கி, கணக்காய்வாளர் அறிக்கை உள்ள பக்கங்களை அனுப்புங்கள். எல்லாரும் பார்க்கலாம்.

போன கிழமை படம் போட்டவர்: அனுப்பிவிட்டேன் ஐயா.

இது தலைவர் கோட் போட்டுச் சிரிக்கும் பக்கம். இன்னும் தள்ளுங்கள்.