கொச்சி மாநாட்டுக்குக் கிளம்புமுன்: எல்லையோரத் தமிழர்களின் கேள்விகள்

பாலக்காடு, இடுக்கி, கோயம்புத்தூர், செங்கோட்டை வட்டாரங்களிலிருந்து கருத்தரங்கு, மாநாடு என்று கொச்சிக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும், கொச்சியில் மாநாட்டு ஏற்பாடுகளைக் கவனிக்கும் உறுப்பினர் ஒருவர் தந்த பதில்களும்.

சித்தூர், கல்லூரி ஆசிரியை: அழைப்பிதழில் 'கொச்சி' என்று மட்டும் இருக்கு. பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளம் ஜங்ஷனுக்கு டிக்கெட் போட்டுடலாமா சார்?

போடாதீங்க மேடம். முதலில் அரங்கத்தின் முகவரியைப் பாருங்க. கொச்சி மாநாடு என்று சொல்லி அங்கமாலிக்கு வடக்கே கறுகுற்றியிலும் நடத்துவார்கள், நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் பக்கத்திலும் நடத்துவார்கள், போல்காட்டித் தீவிலும் நடத்துவார்கள், மரடு குண்டன்னூரிலும் நடத்துவார்கள். கறுகுற்றிக்கும் குண்டன்னூருக்கும் நடுவே ஏறக்குறைய 40 கி.மீ. இருக்கு. காலை நெரிசலில் அது ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

கறுகுற்றி என்றால் அங்கமாலியில் இறங்குங்க. விமான நிலையப் பக்கம் என்றால் அங்கமாலி அல்லது ஆலுவா. போல்காட்டிக்கு எர்ணாகுளம் டவுன். அதை நார்த் ஸ்டேஷன் என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று புரியும். அங்கிருந்து ஹைகோர்ட் சந்திப்பு, கோஸ்ரீ பாலம் வழியே ஆட்டோ போகும். எர்ணாகுளம் ஜங்ஷனைத்தான் சவுத் என்பார்கள். கோட்டயம் வழியாகப் போகும் பல ரயில்கள் சவுத் பக்கமே வராமல் நார்த்தில் நின்றுவிட்டுப் போய்விடும். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்க.

செங்கோட்டை: பாலருவி எக்ஸ்பிரஸில் வந்தா தொடக்க விழாவுக்குச் சரியா இருக்குமா?

இருக்காது. அந்த வண்டி எர்ணாகுளம் டவுன் சேரவே காலை ஒன்பதை ஒட்டிவிடும். கோட்டயத்திலிருந்து அலுவலகம் போகிறவர்கள் ஏறி நெருக்கி நிற்பார்கள். இறங்கி, குளித்து, பதிவு மேசையில் வரிசையில் நின்று பேட்ஜ் வாங்குவதற்குள் குத்துவிளக்கு ஏற்றி முடித்திருப்பார்கள். உங்கள் உரை முதல் நாளே என்றால் முந்தின நாள் வந்து தங்குங்க. குண்டன்னூர் அரங்கம் என்றால் டவுன் வரை போகவே வேண்டாம், திருப்பூணித்துறையிலேயே இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோவின் கடைசி நிலையமும் இருக்கு. 2024 மார்ச்சில் திறந்தது.

வண்டிப்பெரியாறு: நாங்க பஸ்ஸிலதான் வருவோம். எங்கே இறங்கணும்?

வைற்றில ஹப். பஸ், மெட்ரோ, வாட்டர் மெட்ரோ மூன்றும் ஒரே வளாகத்தில். பஸ் உள்ளே போகுமா, ரோட்டிலேயே இறக்கிவிடுமா என்று கண்டக்டரிடம் முன்னாடியே கேளுங்க. சவுத்தில் இருக்கும் கே.எஸ்.ஆர்.டி.சி. (கேரள அரசு பஸ்) ஸ்டாண்டை மழைக்காலத்தில் தவிருங்க. பெருமழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும், பெட்டியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருக்கும்.

காக்கநாட்டில் கூட்டம் என்றால் வைற்றிலயிலிருந்து வாட்டர் மெட்ரோ படகு அருமை, சிக்னல் தொல்லை கிடையாது. ஒரு படகில் 100 பேர் கணக்கு; நிறைந்துவிட்டால் அடுத்த படகுதான், கெஞ்சினாலும் ஏற்றமாட்டார்கள். அரை மணி கையிருப்பு வையுங்க.

கொழிஞ்சாம்பாறை, ஆராய்ச்சி மாணவர்: மாநாட்டில் என் ஆய்வைச் சுவரொட்டியா (போஸ்டர்) வைக்கிறேன் அண்ணா. எதில் அச்சடிக்கலாம்?

துணியில் அடியுங்க தம்பி. கடல் காற்றின் ஈரத்தில் சாதாரணத் தாள் ஒரே ராத்திரியில் தளர்ந்து ஓரம் சுருளும். லேமினேட் செய்தது சுருட்டின வாக்கிலேயே நின்று பலகையில் படியாது. துணி என்றால் மடித்துப் பையில் போடலாம், ரயிலில் சுவரொட்டிக் குழாயைச் சுமந்து அடுத்தவர் முகத்தில் இடிக்க வேண்டாம். ஏ0 அளவு என்றால் 84.1 × 118.9 செ.மீ. நெடுக்கா, படுக்கையா என்று அமைப்பாளரிடம் எழுதிக் கேளுங்க. பாதிப் பேர் இதில்தான் சறுக்குவார்கள்: நெட்டுப் பலகையில் படுக்கைச் சுவரொட்டி இரண்டு பக்கமும் தொங்கும். துணி போர்த்திய பலகைக்குக் குண்டூசி, பிளாஸ்டிக் பலகைக்கு இருபக்க டேப். எது வரும் என்று தெரியாததால் இரண்டையும் கொண்டு போங்க. ஹோட்டல் சுவரில் ஒட்ட விடமாட்டார்கள்.

பிரசன்டேஷனில் தமிழ் இருந்தால் இன்னொரு வேலை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருந்தால் அரங்கத்துக் கணினியில் கிறுக்கலாக வரும். யூனிகோடுக்கு மாற்றுங்க, கூடவே பி.டி.எஃப். ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும்.

கோயம்புத்தூர்: அறை ஃபோர்ட் கொச்சியில் எடுத்தால் ஊரும் பார்த்த மாதிரி இருக்குமே?

மாநாடு ஃபோர்ட் கொச்சியிலேயே என்றால் எடுங்க. இல்லையென்றால் தினமும் காலையில் வழியில் தோப்பும்படி நெரிசலில் நிற்பீர்கள். அரங்கத்துக்கு நடக்கும் தூரத்தில், இல்லையா, மெட்ரோ பாதையோரம் எடுங்க. ஊர் பார்க்க ஒரு மதியம் போதும். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசுப் படகில் பத்து ரூபாய்க்குள் போய்விடலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேளுங்க. மட்டாஞ்சேரி டச்சு அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூதர் ஆலயம் சனிக்கிழமை மூடியிருக்கும். மாநாடு பெரும்பாலும் வெள்ளி, சனியில் வருவதால் சொல்கிறேன்.

மறையூர்: ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பாங்க?

2022 கட்டணப்படி முதல் 1.5 கி.மீ.க்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15. இரவு பத்து முதல் காலை ஐந்து வரை ஒன்றரை மடங்கு. மீட்டர் போடாமல் பேரம் பேசினால் இதை மனக்கணக்கு போட்டுப் பேசுங்க. ஏறுவதற்கு முன், இறங்கும்போது அல்ல.

கல்பாத்தி: சைவம் கிடைக்குமா?

தாராளமாக. பஃபேயில் மட்டும் கரண்டியைக் கவனியுங்க. மீன் குழம்பில் இருந்த கரண்டி சாம்பாருக்கு இடம் மாறும். ஆரம்பத்திலேயே போய்ப் போட்டுக்கொள்ளுங்க.

வேலந்தாவளம்: திடீர்னு ஹர்த்தால் வந்துட்டா?

முன்பு மாதிரி ராத்திரி அறிவித்துக் காலையில் கடை அடைப்பது குறைந்திருக்கு. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் நடக்கும். ரயில் ஓடும், ஆட்டோவும் ஹோட்டலும் சந்தேகம். சிறிய லாட்ஜில் தங்கினால் முந்தின இரவே பழம், பிஸ்கட், தண்ணீர் வாங்கி வையுங்க. ஊர் திரும்பும் நாளில் என்றால் விடியுமுன் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்க. ஹர்த்தால் கணக்கு காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை.