வேனின் வெளிப்பக்க கிரில் ஆடுகிறது: புதிது வாங்கவா, ஒட்டிவிடவா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். போன வருடம் பழைய கேம்பர் வேன் (படுக்க, சமைக்க வசதியுள்ள வேன்) ஒன்று வாங்கினோம், ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தில் கட்டியது, 2008 மாடல். வெளிப்பக்கம் ஃபிரிட்ஜுக்கு நேராக மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் கிரில் இருக்கின்றன. கீழே இருப்பது ஆடுகிறது, மோட்டார்வேயில் போகும்போது தடதடவென்று சத்தம். இப்போதைக்கு அகலமான டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். நெட்டில் தேடினால் பார்க்க ஒரே மாதிரி பத்து கிரில் வருகிறது, விலை மட்டும் ஏகத்துக்கு மாறுகிறது. நண்பர் ஒருவர், "எதுக்கு செலவு, சிலிகான் வச்சு சுத்தி அடைச்சிடு" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த டேப்பைப் பாருங்கள். கிரில்லின் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் சரி. நடுவிலிருக்கும் கீற்றுகளை மறைத்து ஒட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். நண்பர் சொன்னதை அறவே செய்ய வேண்டாம்.

காரணம் இதுதான். உங்கள் வேனில் இருப்பது பெரும்பாலும் கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் வகை ஃபிரிட்ஜ். வீட்டு ஃபிரிட்ஜ் போல இதில் கம்ப்ரஸர் கிடையாது, அமோனியாக் கரைசலைச் சூடாக்கித்தான் இது உள்ளே குளிர வைக்கிறது. அந்தச் சூடெல்லாம் ஃபிரிட்ஜின் முதுகில் சேரும். கீழ் கிரில் வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்து, சூட்டை வாரிக்கொண்டு மேல் கிரில் வழியாக வெளியேற வேண்டும், நம் ஊர் அடுப்படிப் புகைபோக்கி மாதிரி. அதை அடைத்தால் ஃபிரிட்ஜ் குளிராது, ஜூலை வெயிலில் பால் திரிந்துபோகும். அது சின்ன நஷ்டம். கேஸில் ஓடும்போது எரிந்த புகை வெளியேற வேண்டிய இடமும் அங்கேதான் இருக்கிறது, அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு வேனுக்குள் திரும்ப வழி உண்டு. எங்காவது கேஸ் கசிந்தால், புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் அது தரையோடு இறங்கி, கீழ்த் திறப்புகள் வழியாகத்தான் வெளியே போகும். இது தவிர, பர்னரைச் சுத்தம் செய்ய மெக்கானிக் கழற்றுவதும் இதே கிரில்லைத்தான். நிரந்தரமாக ஒட்டி வைத்தால் அவர் அதை உடைத்துத்தான் எடுப்பார், உடைத்ததற்கும் சேர்த்து பில் போடுவார்.

சரி, எதை வாங்குவது? கடைக்குப் போகுமுன் ஆடுவது எது என்று கண்டுபிடியுங்கள். வெளியிலிருந்து ஒரே துண்டாகத் தெரிந்தாலும் அங்கே மூன்று சாமான் இருக்கிறது: சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிய சட்டம், அதில் பொருந்தும் கிரில், கிரில்லைப் பூட்டி வைக்கும் சின்ன கிளிப்கள். பல மாடல்களில் கிளிப்பின் தலையில் நாணயத்தின் விளிம்பு நுழைகிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அதைத் திருப்பினால் பூட்டு விடும், மறுபக்கத்து நாக்குகள் சட்டத்திலிருந்து கழன்று கிரில் கையோடு வந்துவிடும். பழைய பிளாஸ்டிக் என்பதால் குளிர் நாளில் இதைச் செய்யாதீர்கள், நாக்கு முறியும். கொஞ்சம் வெயில் பட்டு இளகியிருக்கும் மத்தியானத்தில் செய்யுங்கள்.

கிரில்லை எடுத்த பிறகு சட்டத்தின் நான்கு மூலைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். சட்டம் கல்லு மாதிரி அசையாமல் இருந்து கிரில் மட்டும் ஆடியிருந்தால் உங்களுக்கு நல்ல நேரம். போயிருப்பது கிளிப் மட்டும்தான், அது தனியாகவே கிடைக்கும். நாக்குகள் உடைந்திருந்தால் கிரில் மட்டும் வாங்கினால் போதும். நிறைய பேர் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள், ஒரு கிளிப்புக்காக சட்டம், கிரில் எல்லாம் சேர்ந்த முழு செட்டை வாங்கி, நன்றாக ஒட்டியிருந்த சட்டத்தைப் பெயர்த்தெடுத்து, இல்லாத ஒழுகலை இழுத்துவிட்டுக்கொள்வார்கள்.

சட்டமே ஆடினால் விஷயம் வேறு. ஸ்க்ரூவைத் திருப்பிப் பாருங்கள். இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தாலோ, வெளியே எடுத்தால் மரையில் கறுத்த தூள் ஈரமாக ஒட்டியிருந்தாலோ, பின்னால் இருக்கும் மரச்சட்டம் இற்றுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருக்கும்போது எவ்வளவு விலை கொடுத்துப் புது கிரில் வாங்கினாலும் அதைப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. ஹாபிடேஷன் செக் என்று வருடாந்திரச் சோதனை செய்யும் பட்டறையில் ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலை இல்லை, 20 தாண்டினால் தேடிப் பார்க்க வேண்டும், 30 தாண்டினால் மரம் கெட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த வேலை முடிந்த பிறகு கிரில் வாங்குங்கள்.

இப்போது அந்தப் பத்து கிரில் கதை. படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எல்லாம் வெள்ளையாக, எல்லாம் கீற்றுக் கீற்றாகத்தான் இருக்கும். கிரில்லைக் கழற்றி உள்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த பெயரோ எண்ணோ பெரும்பாலும் இருக்கும். அதுதான் உங்கள் ஜாதகம். டொமெடிக் கம்பெனி என்றால் எல்எஸ் 100, எல்எஸ் 200 என்ற பெயர்கள் அடிக்கடி வரும். இன்னும் பழைய வேன்களில் எலக்ட்ரோலக்ஸ் என்று இருக்கலாம். அதைப் பார்த்து மிரள வேண்டாம், எலக்ட்ரோலக்ஸ் தன் வேன் சாமான் பிரிவை 2001இல் விற்றுவிட்டது, அதுதான் டொமெடிக் ஆனது, ஆகவே டொமெடிக் என்ற பெயரில் தேடுங்கள். தெட்ஃபோர்டு என்று இருந்தால் அது வேறு கம்பெனி, வேறு அளவு, ஒன்றின் கிரில் மற்றதன் சட்டத்தில் உட்காராது. எண்ணே இல்லையென்றால் மூன்று அளவு எடுங்கள்: கிரில்லின் வெளி அளவு, சுவரில் வெட்டிய துளையின் அளவு, கிளிப்புக்கும் கிளிப்புக்கும் உள்ள தூரம். விற்பவரிடம் படம் அனுப்பும்போது பின்பக்கப் படத்தையும் அனுப்புங்கள், முன்பக்கத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வேனில் இருப்பது வெயிலில் பழுத்து வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கும், புதியது பளிச்சென்று தெரியும். வீட்டில் இது ஒரு பேச்சாகும், வாங்குமுன் சொல்லிவைப்பது நல்லது. பழைய வேன்களைப் பிரித்து விற்கும் பிரேக்கர் கடையில் அதே பழுப்பில் கிடைக்கும்தான், ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கும் உங்களுடையதைப் போலவே வெயில் குடித்து நொறுங்கத் தயாராக இருக்கும். சட்டத்தை அங்கே வாங்கலாம், கிளிப்பை வாங்காதீர்கள்.

அதுவரை இதை இப்படியே வைத்து மோட்டார்வேயில் ஓட்ட வேண்டாம். கழன்று பறந்தால் பின்னால் வருகிறவரின் கண்ணாடியில்தான் விழும், வண்டியின் எந்தப் பாகமும் மற்றவர்க்கு ஆபத்தாக இருக்கக்கூடாது என்று பிரிட்டனில் 1986ஆம் வருட வாகன விதிகளிலேயே இருக்கிறது.

கேள்வி: சட்டத்தை மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். தண்ணீர் புகாமல் அதன் பின்விளிம்பை எதை வைத்து அடைப்பது? கடையில் குளியலறை சிலிகான்தான் இருக்கிறது.

பதில்: அது குளியலறைக்கு நல்லது. வேன் ஓடும்போது அதன் உடம்பெல்லாம் முறுக்கிக்கொள்ளும், சிலிகான் ஓரம் உரிந்து வரும். உரிந்த பிறகு அதன் பிசுக்கு சுவரில் தங்கிவிடும், அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது, அடுத்த முறை சுரண்டிச் சுரண்டிக் கை போய்விடும்.

பிறகு கழற்ற வேண்டிய சட்டத்துக்கு பியூட்டைல் டேப்தான் என் கட்சி. சாம்பல் நிறத்தில் சூயிங்கம் மாதிரி சுருளாக வரும், காய்ந்து இறுகாது. சட்டத்தின் பின்விளிம்பைச் சுற்றி இடைவெளி விடாமல் ஒட்டி, ஸ்க்ரூக்களைக் கையால், எதிரெதிர் மூலையாகப் போய் இறுக்குங்கள். டேப் நசுங்கி ஓரத்தில் பிதுங்க வேண்டும். அப்புறம் மறுநாள் வந்து இன்னொரு முறை இறுக்குங்கள், ஏனென்றால் இரவில் அது இன்னும் கொஞ்சம் தட்டையாகியிருக்கும். மின்சார ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், ஒரு நொடியில் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டுவிடும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சிகாஃப்ளெக்ஸ் போன்ற பாலியூரித்தேன் வகைகள் ரொம்பப் பலம்தான், ஆனால் அதில் சில பசை மாதிரியே பிடித்துக்கொள்ளும், சட்டத்தை மறுபடி எடுக்கவே போவதில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

பழைய பிசினைத் துடைக்க அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் எடுத்துவிடாதீர்கள். இந்த மாதிரி கிரில்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக், அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். பக்கத்தில் அக்ரிலிக் ஜன்னல் இருந்தால் அதில் ஒரு சொட்டு பட்டாலும் மயிரிழை விரிசல்கள் ஓடும், அந்த ஜன்னலின் விலைக்கு இந்த கிரில்லை டஜன் கணக்கில் வாங்கலாம். பிளாஸ்டிக் சுரண்டியால் முடிந்தவரை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அதையும் அந்த ஜன்னலில் படாமல் செய்யுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு ஆன்லைன் கடையில் கிரில் வாங்கினேன், பொருந்தவில்லை. "நீங்கள் தவறாக ஆர்டர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் இல்லை. அங்கே ஆன்லைனில் கடைக்காரரிடம் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம், 2013ஆம் வருட நுகர்வோர் ஒப்பந்த விதிகள் அப்படி. எழுத்தில் சொல்லுங்கள், சொன்ன பிறகு திருப்பி அனுப்ப இன்னொரு 14 நாள் இருக்கிறது. அவர்கள் உங்களிடம் வாங்கிய சாதாரண டெலிவரி கட்டணத்தையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். நீங்கள் திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக உங்கள் தலையில்தான், பொருளே குறையுள்ளதாக வந்திருந்தால் அவர்கள் தலையில். அந்த உரிமை இருப்பதையே அவர்கள் உங்களுக்குச் சொல்லவில்லையென்றால் காலக்கெடு இன்னும் நீளும்.

ஒன்று கவனியுங்கள். பொருந்துகிறதா என்று வைத்துப் பார்ப்பது வேறு, ஸ்க்ரூ துளை போட்டுப் பார்ப்பது வேறு. துளை போட்டுவிட்டால் மதிப்புக் குறைந்தது என்று பணத்தில் கழிப்பார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. தன் வேனிலிருந்து கழற்றி விற்கும் தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த 14 நாள் கிடையாது.

கேள்வி: டீலரிடம் வேன் வாங்கி இரண்டு மாதம். ஆடிய கிரில்லைக் கழற்றினால் பின்னால் மரம் சொதசொதவென்று இருக்கிறது. ரசீதில் "உள்ளது உள்ளபடி விற்றது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். (பர்மிங்ஹாம்)

பதில்: அந்த வரியை எழுதிவிட்டதால் டீலர் தப்ப முடியாது. 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய வண்டிக்கும் பொருந்தும். முதல் 30 நாளில் என்றால் வண்டியையே திருப்பிக் கொடுத்திருக்கலாம், அது உங்களுக்குத் தாண்டிவிட்டது. ஆனால் 6 மாதத்துக்குள் தெரிந்த குறை, வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது டீலர். சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அது சரிவராவிட்டால் விலையில் குறைப்போ, வண்டியைத் திருப்பிக் கொடுப்பதோ கேட்கலாம்.

புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. "கிரில் ஆடுகிறது" என்று எழுதாதீர்கள். பழைய வண்டியில் பிளாஸ்டிக் தளர்வது சகஜம் என்று இரண்டு பவுண்டு கிளிப் ஒன்றை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார். "தண்ணீர் புகுந்து சுவரின் மரம் இற்றிருக்கிறது" என்று எழுதி, ஈரமானி அளவு, தேதி போட்ட படங்கள், வேறொரு பட்டறையின் எழுத்து அறிக்கை மூன்றையும் வையுங்கள். அதுவரை நீங்களாக எதையும் பிரித்து வேலை செய்யாதீர்கள், மழை இறங்காமல் மேலே கவர் மட்டும் போடுங்கள். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு: வண்டி விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்தால் 1974ஆம் வருடக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியும் சேர்ந்து பொறுப்பு. டீலர் கடையை மூடிவிட்டாலும் வங்கி இருக்குமே.

கேள்வி: டொரண்டோவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆர்வி (கேம்பர் வேன் மாதிரி வண்டி) கூரையில் காற்றுக்காக இருக்கும் வென்ட்டின் மூடி ஆடிக்கொண்டே இருந்து, இப்போது தொட்டால் பொடியாக உதிர்கிறது. 14 அங்குல மூடி வாங்கினேன், அளவு சரி, ஆனால் மாட்ட முடியவில்லை.

பதில்: வட அமெரிக்காவில் 14க்கு 14 அங்குலம் எல்லாருக்கும் பொது அளவு, கீல் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எலிக்ஸர், ஜென்சன், வென்ட்லைன் என்று வகைகள் இருக்கின்றன, அதிலும் பழைய மாடலுக்கும் புதியதற்கும் கீல் மாறும். பழைய மூடியின் கீல் பக்கத்தை, திறந்த நிலையில், கிட்டத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்கும்போது பாலிகார்பனேட் மூடி கேளுங்கள். மலிவான பாலிப்ரொப்பிலீன் மூடி வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். மேலே கவிழ்க்கிற பெரிய வென்ட் கவர் ஒன்றும் போட்டால் மூடிக்கு வெயில் படுவது குறையும், மழையிலும் திறந்து வைக்கலாம். அந்தக் கவரின் கொக்கியை வென்ட்டின் பக்கச் சுவரில் மாட்ட வேண்டும், கூரையில் புதிதாகத் துளை போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வெளியே மின்சார ஒயர் செருகும் நீல சாக்கெட்டின் மூடி கழன்று தொங்குகிறது. ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் போதுமா?

பதில்: போதாது. அது 230 வோல்ட் வந்து சேரும் இடம், அந்த மூடியும் ஸ்பிரிங்கும் இருப்பதே மழை உள்ளே போகாமல் இருக்கத்தான். மூடி தனியாகக் கிடைக்கிறதா என்று சாக்கெட்டின் கம்பெனிப் பெயரை வைத்துப் பாருங்கள். கிடைத்தால் வெளி ஒயரைக் கழற்றிவிட்டு நீங்களே மாட்டலாம், அதைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன பின்தான். கிடைக்காவிட்டால் முழு சாக்கெட்டையும் மாற்ற வேண்டும், அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். உள்ளே பச்சைக் களிம்பு பிடித்தோ, துளைகளின் ஓரம் கருகியோ இருந்தால் மூடி கிடைத்தாலும் வேண்டாம், சாக்கெட்டையே மாற்றச் சொல்லுங்கள், செருகும் ஒயரின் முனையையும் அவரிடமே காட்டுங்கள்.