அல்ட்ரா வைட் லென்ஸில் எல்லாம் சிறுத்துப் போகிறதா?

கேள்வி: சோனி ஏ6400 கேமராவுக்கு சோனியின் 10-20 மி.மீ. எஃப் 4 பவர் ஜூம் அல்ட்ரா வைட் (மிக அகலமான காட்சியைப் பிடிக்கும்) லென்ஸ் வாங்கினேன். தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்தால் விமானம் சிறுத்து, பின்பக்கம் சாய்ந்தது போல வருகிறது. காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவை (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) எடுத்தால் படம் வெறிச்சென்று இருக்கிறது. குடும்பப் படத்தில் ஓரமாக நின்ற அத்தையின் முகம் அகலமாக இழுபட்டுவிட்டது. லென்ஸில் ஏதாவது குறையா? விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

பதில்: லென்ஸில் குறை இல்லை. எந்த நிறுவனத்தின் 10 மி.மீ. லென்ஸை மாட்டினாலும், நீங்கள் நின்ற இடத்திலிருந்து எடுத்தால் இதே படம்தான் கிடைக்கும். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆகவே சரிசெய்யும் வழியும் வேறு வேறு.

முதலில் அந்த 'வெறிச்' விஷயம். இதுதான் மிகப் பெரியது. கேமராவோடு வந்த 16-50 கிட் லென்ஸ் 16 மி.மீ.யில் கிடைமட்டமாக ஏறக்குறைய 73 டிகிரி பார்க்கும். 10 மி.மீ. லென்ஸ் 99 டிகிரி பார்க்கிறது. நின்ற இடத்தை மாற்றாமல் லென்ஸை மட்டும் மாற்றினால், முன்பு படத்தில் தெரிந்த பொருள் எட்டில் ஐந்து பங்காகச் சுருங்கும். மிச்ச இடத்தை எது நிரப்பும்? பெரும்பாலும் வெறும் தரையும் வெறும் வானமும்தான்.

பின்னால் போக இடம் இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் அடக்கலாம் என்றுதான் நம்மில் பலர் இந்த லென்ஸை வாங்குகிறோம். அதற்கும் உதவும்தான். ஆனால் இது உயிர்பெறுவது நெருங்கிப் போகும்போது. உங்கள் லென்ஸ், படம் பதியும் சென்சாரிலிருந்து 20 செ.மீ. தூரம் வரை ஃபோகஸ் செய்யும். முன்கண்ணாடியிலிருந்து கணக்கிட்டால் ஒரு சாண்கூட இல்லை. அரை மீட்டரில் இருக்கும் ஒரு பொருளை நோக்கி இன்னும் கால் மீட்டர் நகருங்கள்: அது படத்தில் இரண்டு மடங்காகும், பின்னால் இருபது மீட்டரில் இருக்கும் சுவர் அப்படியே இருக்கும். இந்த லென்ஸில் ஒரு அடி முன்னால் வைப்பது ஜூம் வளையத்தை முழுக்கத் திருப்புவதைவிடப் பெரிய மாற்றம். அதனால் 10-க்குப் போகும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்குக் கை எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையென்றால் 16-க்கோ 20-க்கோ ஜூம் செய்து எடுங்கள், அல்லது இடம் மாறுங்கள்.

பெரிய கோயிலில் இதற்கு அருமையான வாய்ப்பு உண்டு. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. கல்லைத் தொடாமல், அதற்கு ஒரு முழம் தள்ளி, சுவரோடு சுவராக நீளவாக்கில் பாருங்கள். கிட்டத்தில் உள்ள எழுத்து வாசிக்கும் அளவுக்குப் பெரிதாகவும், அதே வரி தூரத்தில் மூலை வரை மெலிந்துகொண்டும் போகும். லென்ஸ் துவாரத்தை (அபெர்ச்சர்) எஃப் 8-ல் வைத்து ஒரு மீட்டரில் ஃபோகஸ் செய்தால், 10 மி.மீ.யில் 40 செ.மீ. தொடங்கி அடிவானம் வரை எல்லாமே போதுமான கூர்மையோடு இருக்கும். எஃப் 11-ஐத் தாண்டிப் போக வேண்டாம். இந்த அளவு சென்சாரில் அதற்குமேல் படம் மொத்தமாகக் கொஞ்சம் மழுங்கும்.

அடுத்தது சாய்வு. கேமராவை மேல்நோக்கித் தூக்கினால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். எல்லா லென்ஸிலும் இப்படித்தான். அகலம் கூடக்கூட கண்ணை உறுத்தும். கேமராவை மட்டமாகப் பிடித்தால் சாய்வே வராது. ஏ6400-ல் மட்டம் காட்டும் டிஜிட்டல் அளவி இருக்கிறது. டிஸ்ப்ளே பட்டனை அழுத்தி அதைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு திசையிலும் பச்சை காட்டிய பிறகு கிளிக் செய்யுங்கள். அல்ட்ரா வைடில் நான் இந்த அளவியை அணைப்பதே இல்லை.

மட்டமாகப் பிடித்தால் உச்சி வெட்டுப்படுமே என்பீர்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானத்தின் உயரம் ஏறக்குறைய 66 மீட்டர், அதாவது 216 அடி என்று சொல்வார்கள். கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால், உச்சி ஃப்ரேமுக்குள் வர நீங்கள் 80 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் 55 மீட்டர் போதும். அந்தப் பிராகாரம் கிழக்கு மேற்காக 240 மீட்டர் நீளம். தாராளமாக இடம் இருக்கிறது. படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தரையாக இருக்குமே என்றால், ஆமாம், இருக்கும். அதில் நடந்து போகும் ஒருவர், மழை பெய்திருந்தால் கல் தளத்தில் தேங்கிய நீர், நீண்டு விழும் மாலை நிழல் என்று ஏதாவது ஒன்றை வையுங்கள். அதுவும் இல்லையென்றால் கீழே கிராப் செய்துவிடலாம். 24 மெகாபிக்சல் இருக்கிறது, தாங்கும்.

லைட்ரூம் மாதிரி மென்பொருளில் பிறகு நிமிர்த்துவதும் வழிதான். ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், மேற்பகுதி இழுபட்டு மென்மையாகும். அந்த வழி என்று முடிவு செய்தால் இரு பக்கமும் இடம் விட்டு எடுங்கள். மாறாக, கோபுரத்தின் அடியில் நின்று வேண்டுமென்றே முழுக்க அண்ணாந்து எடுத்தால் அது அழகாகத்தான் இருக்கும். சாய்ந்தால் நன்றாகச் சாய வேண்டும். கொஞ்சமாகச் சாய்ந்த படம்தான் தவறு போலத் தெரியும்.

உங்கள் வீட்டு வளவுக்கு வருகிறேன். செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசலில் நின்றால் கதவுக்குள் கதவாகப் பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். அந்தக் கோட்டின் நட்ட நடுவில் நில்லுங்கள். இரண்டு அங்குலம் விலகினாலும் இந்த லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும்: ஒரு பக்கத் தூண் பருத்தும் மறுபக்கத் தூண் மெலிந்தும் வரும். முழங்கால் உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் காலடியில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூ பெரிதாக விரிந்து முன்னால் வரும். ஏ6400-இன் திரையை மேல்நோக்கி மடக்கலாம் என்பதால் தரையில் படுக்க வேண்டியதில்லை. அறையின் அமைப்பைக் காட்டத்தான் படம் என்றால் இடுப்பு உயரம், 12 அல்லது 13 மி.மீ. போதும். 10-ல் எடுத்தால் அறை இல்லாத பெருமையோடு பெரிதாகத் தெரியும். வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் அப்படி எடுத்துப் போடுகிறார்கள். வந்து பார்ப்பவர் ஏமாந்து போகிறார். அது நேர்மையான படம் இல்லை என்பது என் கருத்து.

வளவில் இன்னொரு தொல்லை வெளிச்சம். நடுவில் திறந்த வானம், சுற்றிலும் இருண்ட தாழ்வாரம். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். விடிந்த சற்று நேரத்திலோ மேகம் மூடிய நாளிலோ, ரா (கேமரா திருத்தாத மூலப் படம்) கோப்பாக, வெளிச்சமான பகுதி வெளுத்துப் போகாத அளவுக்கு வைத்து எடுத்து, இருட்டைப் பிறகு தூக்குங்கள்.

இனி அத்தையின் முகம். இருட்டில் சுவருக்கு நேராக டார்ச் அடித்தால் வட்டம் விழும். அதையே பக்கவாட்டில் திருப்பினால் வட்டம் நீண்டு முட்டையாகும். தட்டையான சென்சார்மேல் ஓரத்திலிருந்து வரும் ஒளிக்கும் இதுதான் நடக்கிறது. 10 மி.மீ.யில் படத்தின் இடது, வலது விளிம்பில் உள்ள ஒரு தலை, இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகப் பதியும். 14-ல் அது 30 சதவீதம், 20-ல் 16 சதவீதம்தான். நேர்கோடுகளை நேராகவே வைத்திருப்பதற்கு இந்த வகை லென்ஸ் கொடுக்கும் விலை இது. எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் தப்ப முடியாது.

ஆகவே ஆட்களை எடுக்கும்போது 18-20 மி.மீ.க்கு வந்துவிடுங்கள், இரண்டு அடி பின்னால் போங்கள், ஓரத்தில் ஓர் ஆள் இடம் காலியாக விடுங்கள். ஒரே வரிசையாக நிறுத்தாமல் இரண்டு மூன்று வரிசையாக நடுவில் நெருக்கி நிறுத்துங்கள். ஓரத்தில் தூணோ செடியோ இருக்கட்டும், ஆள் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் பெரிய குடும்பம் மேடையை நிறைத்து நின்றால் கிட் லென்ஸையே மாட்டுங்கள். ஏற்கெனவே எடுத்த படத்தைக் காப்பாற்ற, டிஎக்ஸ்ஓ வியூபாயின்ட் என்ற மென்பொருளில் இப்படி இழுபடுவதைக் குறைக்கும் வசதி உண்டு. பதிலுக்கு ஓரத்துத் தூண்கள் லேசாக வளையும். அத்தை கண்டிப்பாக அதைப் பொருட்படுத்த மாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கேமராவிலும் கை அதிர்வைத் தாங்கும் வசதி இல்லை, இந்த லென்ஸிலும் இல்லை. லென்ஸ் 178 கிராம் மட்டுமே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நல்லவேளையாக 10 மி.மீ.யில் நடுக்கம் குறைவாகத்தான் தெரியும். அசையாத பொருளுக்கு ஷட்டர் வேகத்தில் 1/30 நொடி வரை தைரியமாக இறங்கலாம், 1/15 என்றால் மூச்சை அடக்கி மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுத்துக் கூர்மையானதை வைத்துக்கொள்ளுங்கள். நடமாடும் ஆட்கள் இருந்தால் 1/125-க்குக் கீழே போகாதீர்கள்; ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 வரை ஏறினாலும் பரவாயில்லை. தொல்லியல் துறை பராமரிக்கும் கோயில்களில் டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும், அதனால் கையில் பிடித்து எடுக்கப் பழகுவது நல்லது. வீடியோ எடுப்பதாக இருந்தால், 4கே 30 ஃப்ரேமில் இந்தக் கேமரா ஓரங்களை வெட்டிவிடும். 24 அல்லது 25 ஃப்ரேம் வைத்தால் முழு அகலமும் கிடைக்கும்.

கேமராவில் உள்ள சின்ன ஃபிளாஷ் 16 மி.மீ. அகலத்துக்குத்தான் வெளிச்சம் போடும். 10-ல் மூலைகள் இருட்டாகும். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரையும் வெளியில் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், இவ்வளவு அகலத்தில் வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளுத்தும் திட்டுத்திட்டாக வரும்.

விற்பதைப் பற்றி: கிட் லென்ஸில் எடுத்த பழைய படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எந்த மி.மீ.யில் எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலானவை 16-லேயே இருந்தால் உங்கள் கண் அகலத்தைத் தேடுகிறது, லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள். 35-க்கும் 50-க்கும் நடுவில்தான் அதிகம் என்றால் உங்களுக்குப் பிடித்தது முகமும் நுணுக்கமும். அப்போது இதை விற்றுவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள்.