பிள்ளைகளுக்கு ஃபுளூ ஊசி: டவுன் கிளினிக்கா, ஈப்போவா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மூன்று பிள்ளைகள்: 10 வயது, 6 வயது, ஒன்றரை வயது. யாருக்கும் இதுவரை ஃபுளூ ஊசி போட்டதில்லை. டவுன் கிளினிக்கில் ஓர் ஊசி 85 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். ஈப்போவில் 65 வெள்ளிக்கே போடுகிறார்களாம். அரசாங்க கிளினிக்கில் இலவசம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கே போவது?

பதில்: அக்கா சொல்வது மற்ற ஊசிகளுக்குச் சரி. தட்டம்மை ஊசி, ஆறு நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசி எல்லாம் அரசாங்க கிளினிக்கில் இலவசம்தான். பிள்ளைகளுக்கான அந்த இலவச ஊசி அட்டவணையில் ஃபுளூ ஊசி கிடையாது. முதியவர்களுக்கு இலவசமாகப் போட்டதைக் கேள்விப்பட்டுச் சொல்லியிருப்பார். இழுப்பு (ஆஸ்துமா), இதயக் கோளாறு என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பிள்ளையானால் அங்குள்ள டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றவர்கள் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

விலையை ஒப்பிடும் முன் எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள். மூன்று பிள்ளைக்கு மூன்று ஊசி என்று நினைத்திருப்பீர்கள். ஆறு மாதத்திலிருந்து ஒன்பது வயது முடியாத பிள்ளை, வாழ்நாளில் முதன்முறையாகப் போடும்போது இரண்டு ஊசி தேவை. இடையில் குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். ஆக 10 வயதுக்கு ஒன்று, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு, மொத்தம் ஐந்து. டவுனில் 425 வெள்ளி, ஈப்போவில் 325.

மிச்சமாகும் அந்த 100 வெள்ளி கையில் நிற்குமா என்பது ஈப்போவில் கேட்கும் ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்: "இந்த விலையில் டாக்டர் கட்டணம் சேர்ந்ததா?" ஊசிக்கு 20 வெள்ளி தனியாக வாங்கினால் ஐந்து ஊசிக்கு 100, கணக்கு அங்கேயே சரியாகிவிட்டது. பிறகு இரண்டு பயணத்துக்கு எண்ணெய்ச் செலவு, வேலைக்குப் போகாத நாளின் சம்பளம். டவுன் கிளினிக்கில் சரக்கு ஒழுங்காக இருந்தால் டவுனே போதும்.

சரக்குதான் இதில் தலைவலி. முதல் ஊசி போட்டு, நான்கு வாரம் கழித்துப் போனால் "முடிந்துவிட்டது" என்பார்கள். 2025 அக்டோபரில் பள்ளிகளில் ஃபுளூ பரவியபோது எல்லாரும் ஒரே நேரத்தில் ஊசி தேடினார்கள். எனவே முதல் நாளே இரண்டாவது ஊசிக்கும் பெயர் எழுதி ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் வேறு கிளினிக்கில், வேறு பிராண்டில் போடலாம். ஆறு வாரம், எட்டு வாரம் ஆகிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஊசி வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அதனால் பள்ளி திறக்க ஆறு வாரம் இருக்கும்போதே சின்னவர்களுக்குத் தொடங்குங்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் ஊசியை மலிவாக வாங்கி, தோட்டக் கிளினிக்கில் கொடுத்துப் போடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் சூடேறிக் கெடும். பயந்துபோய் ஐஸ் கட்டி மேல் நேராக வைத்தால் உறைந்து கெடும், அது இன்னும் மோசம்: உறைந்து இளகிய மருந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும். இப்படி வந்ததைப் போட்டு, நாளைக்கு ஏதாவது என்றால் கடையும் கிளினிக்கும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள்.

தோட்டக் கிளினிக்கே மருந்து வாங்கி வைத்து, டாக்டர் வரும் நாளில் போட்டால் அது வேறு. அங்கே பிரிட்ஜில் வெப்பமானி இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தோடு சாப்பாட்டு டப்பாவும் உள்ளே இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: "நாலு வகை கிருமிக்கு" என்று ஓர் ஊசிக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்த நான்காவது வகை, பி யமகாத்தா, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. மூன்று வகை ஊசியே போதும் என்பதுதான் இப்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. பெட்டியில் காலாவதித் தேதியைப் பாருங்கள், அது முக்கியம். கிருமி மாறுவதால் மருந்தின் கலவையை ஆண்டுக்கு இருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள்: பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. நம் நாட்டில் ஃபுளூ ஆண்டு முழுதும் இருக்கிறது. இரண்டு மாதத்தில் காலாவதியாகும் ஊசி என்றால் அது பெரும்பாலும் பழைய கலவை. புதுச் சரக்கு எப்போது வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளினிக்கில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மருந்து அடைத்தே வரும் சிரிஞ்சில் 0.5 மில்லி இருக்கும். இப்போது பரவலாகக் கிடைக்கும் பிராண்டுகளில் ஆறு மாதக் குழந்தைக்கும் முழு 0.5 மில்லிதான். பாதியை ஒரு பிள்ளைக்கும் மீதியை இன்னொரு பிள்ளைக்கும் போட்டு "செலவைக் குறைத்துத் தருகிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். ஒரே சிரிஞ்சை இருவருக்குப் பயன்படுத்துவதே ஆபத்து. லேசான சளி இருந்தால் போடலாம். நல்ல காய்ச்சல் என்றால் ஆறட்டும். போட்டபின் 15 நிமிடமாவது அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை அரிது, ஆனால் வந்தால் வேகமாக வரும்.

அன்றிரவு காய்ச்சல் கண்டால் பாரசிட்டமால். இங்கே 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு பலத்தில் மருந்துப் புட்டி விற்கிறது. 12 கிலோ பிள்ளைக்கு 120 புட்டியில் 7.5 மில்லி சரி. அதே அளவை 250 புட்டியிலிருந்து ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

கேள்வி: இந்தச் செலவை வருமான வரியில் காட்டலாமா? கம்பெனி தரும் மருத்துவ கார்டு (பேனல் கார்டு) செல்லுமா?

பதில்: பேனல் கார்டில் தடுப்பூசி சேராமல் இருப்பது வழக்கம், போகும் முன் கேளுங்கள். வரியில் காட்டலாம். மருத்துவச் செலவுக் கழிவுக்குள் தடுப்பூசிக்கு 1,000 வெள்ளி வரை இடமுண்டு, ஃபுளூ ஊசியும் அதில் சேரும். ரசீதில் வெறும் "மருந்து" என்று எழுதினால் வாங்காதீர்கள். பிள்ளையின் பெயர், ஊசியின் பெயர், தேதி மூன்றும் இருக்க வேண்டும். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அடித்த ரசீது ஓராண்டிலேயே வெளுத்துவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.