அப்பாவின் வீடியோ கோலும் கார்ட்டூனும் ஒரே கணக்கா?

கேள்வி: நான் ஆரையம்பதியில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். டிப்ளோமாவுக்கு ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். ‘கைபேசிப் பாவனையால் பிள்ளைகளின் பேச்சு தாமதமாதல்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். முப்பது தாய்மாரிடம், பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் போன் பார்க்கும் என்று கேட்டால் போதுமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: போதாது மகள். முதலில் தலைப்பை மாற்றுங்கள். விடையைத் தலைப்பிலேயே எழுதிவிட்டு அப்புறம் எதைத் தேடப்போகிறீர்கள்? பேச்சு பிந்திய பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் தாய் போனைக் கையில் கொடுத்திருக்கவும் கூடும். எது முந்தியது என்று ஒரு தடவை கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. கனடாவின் கல்கரியில் 2,441 தாய்மாரிடம், பிள்ளைக்கு 24, 36, 60 மாதமான வேளைகளில் திரும்பத் திரும்பக் கேட்டு 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 24 மாதத்தில் கூடுதலாகத் திரை பார்த்த பிள்ளைகள் 36 மாதத்தில் வளர்ச்சிச் சோதனையில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். பின்தங்கிய பிள்ளைகள்தான் பிறகு கூடப் பார்த்தார்கள் என்று காணவில்லை. இப்படிச் சொல்ல அதே பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு தவணை. ஆகவே, பிள்ளைகள் போனை எப்போது, யாரோடு, எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் தலைப்பாக்குங்கள்.

அடுத்தது, நீங்கள் கேட்கும் விதம். பாலர் பாடசாலை டீச்சரே வந்து கேட்டால் எந்தத் தாய் மூன்று மணித்தியாலம் என்பாள்? “சும்மா அரை மணித்தியாலம்தான் மிஸ்” என்றுதான் வரும். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, யாரும் மணிக்கூடு பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. அதனால் ‘நேற்று’ என்று கேளுங்கள். பிள்ளை எழும்பியதிலிருந்து படுத்தது வரை: சோறு தீத்தும்போது போன் இருந்ததா, பின்னேரம் யார் வீட்டில் நின்றது, படுக்கும்போது பக்கத்தில் போனா ஆளா. நேற்று கோயில் திருவிழா என்றால் வேறொரு நாளைக் கேளுங்கள்.

இதில் நீங்கள் தவறவிடக் கூடாத ஒன்று இருக்கிறது. உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் அப்பா கத்தாரிலோ சவூதியிலோ இருக்கிறார்? இரவில் அவர் எடுக்கும் வீடியோ கோலையும் ரீல்ஸையும் ‘திரை நேரம்’ என்று ஒரே கூடையில் போட்டால் ஆய்வு கெட்டுப்போகும். அமெரிக்காவின் சியாட்டிலில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். ஆள் நேரில் இருந்து விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதே ஆட்களை டிவிடியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. இது 2003இல். பிறகு 2014இல் வேறொரு குழு, இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்துப் பார்த்தது. நேரடி வீடியோ அழைப்பில் பிள்ளை பேச ஆள் பதில் சொன்னபோது சொல் பதிந்தது. முன்பே பதிந்த வீடியோவில் பதியவில்லை. ஆக, போன் திரையில் தெரிபவர் பிள்ளைக்குப் பதில் சொல்கிறாரா என்பதற்கு உங்கள் படிவத்தில் தனிக் கட்டம் வேண்டும்.

பிள்ளை பார்க்காத டீவியையும் கேளுங்கள். 2009இல் வந்த ஒரு ஆய்வில் பிள்ளைகளின் சட்டையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்தார்கள். டீவிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பிள்ளை காதில் விழுந்த பெரியவர்களின் பேச்சு சராசரியாக 770 சொல் குறைந்திருந்தது. அம்மம்மாமாரின் நாடக நேரத்தை எந்தப் படிவமும் கேட்பதில்லை. நாடகத்தை நிறுத்தச் சொல்லி என் வயதுக்காரிகளிடம் கேட்க எனக்கே பயம், அது வேறு கதை.

பிள்ளையின் வயதை மாதத்தில் எழுதுங்கள். 36 மாதமும் 47 மாதமும் ‘மூன்று வயது’ என்றால் பேச்சை ஒப்பிட முடியாது. தாயின் படிப்பு, வீட்டு வருமானம் இரண்டும் வேண்டும். படம் காட்டிப் பேச வைப்பதென்றால் நண்டு, தோணி, மாங்காய் காட்டுங்கள். பனிமனிதன் வேண்டாம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள், பிள்ளையின் பெயரை எங்கும் எழுதாதீர்கள்.

கேள்வி: பேரனுக்கு இரண்டேகால் வயது. மூன்று சொல்தான் சொல்லுவான், நாள் முழுக்கக் கார்ட்டூன். போனைப் பறித்தால் பேச்சு வருமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: போனைக் குறையுங்கள் ஐயா. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆனால் போனைப் பறித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். பழியை எல்லாம் போன்மேல் போட்டுவிட்டு, காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்காமல் விடும் வீடுகள் உண்டு. இந்த வயதில் மூன்றே சொல் என்பது காட்ட வேண்டிய விடயம். கிளினிக் புத்தகத்தோடு போய் மிட்வைஃபிடம் சொல்லி, ஆஸ்பத்திரியில் காதையும் பேச்சையும் சோதிக்கக் கடிதம் கேளுங்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானா, விரலால் பொருளைச் சுட்டிக் காட்டுவானா என்பதையும் கவனித்துக்கொண்டு போங்கள். டாக்டர் கட்டாயம் கேட்பார்.