முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையில் தொடையில் டூர்னிகெட் கட்டுவது அவசியமா?

கட்டாயம் இல்லை. டூர்னிகெட் என்ற காற்றேற்றும் பட்டையைத் தொடையில் சுற்றி, மேல் ரத்த அழுத்தத்தைவிடச் சுமார் 100 மி.மீ. கூடுதலாக ஏற்றுவார்கள். காலுக்கு ரத்தம் போகாது. டாக்டருக்கு மூட்டு தெளிவாகத் தெரியும், செயற்கை மூட்டை ஒட்டும் சிமெண்ட் பிடிக்க எலும்பும் உலர்ந்திருக்கும்.

சரி, ரத்த இழப்பு குறையுமா? அறுவை சிகிச்சை மேசையில் குறையும். பட்டையைத் தளர்த்தியதும் கசிய ஆரம்பித்துவிடும், ஆக மொத்தத்தில் லாபம் சொற்பம்தான். அப்புறம் அந்தத் தொடைவலி! நடக்கப் பழகும் முதல் நாட்களில் படுத்தி எடுக்கும். 2 மணி நேரத்தைத் தாண்டினால் நரம்பும் தசையும் பாதிக்கப்படலாம்.

இப்போது டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தே கசிவை நன்றாகக் கட்டுப்படுத்துவதால், சிமெண்ட் வைக்கும்போது மட்டும் பட்டையை இறுக்குபவர்களும் உண்டு. காலில் ரத்தக்குழாய் அடைப்போ பைபாஸோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அப்போது பட்டையைத் தவிர்ப்பதே நல்லது.