'ஹார்ப்' என்ற சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது?

ஹார்ப் என்பது நரம்புகளை விரலால் மீட்டி வாசிக்கும் கருவி. நம் பழைய யாழும் இந்த வகைதான். சொல் பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. ஜெர்மன் மொழியின் 'ஹார்ஃபெ' அதற்கு நெருங்கிய உறவு.

சரி, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதை ஆங்கிலத்தில் ஏன் 'ஹார்ப்' என்கிறார்கள்? ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பதுதான் இந்தக் கருவியின் அடிப்படை. பெரிய பெடல் ஹார்ப்பில் 47 நரம்புகள். அத்தனையும் இருக்க, ஒன்றையே மீட்டிக்கொண்டிருந்தால்? கேட்பவர் எழுந்து போய்விடுவார். 'ஒரே நரம்பில் மீட்டுவது' என்ற பழைய வழக்கு இப்படிச் சுருங்கியது. நாம் 'பாடின பாட்டையே பாடுகிறான்' என்று சலித்துக்கொள்வோமே, அதேதான்.

அப்புறம், ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை வகையின் கலைஞர்கள் 'ஹார்ப்' என்றால் அது மவுத் ஆர்கன்!

யாழும் வீணையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். வீணையில் தந்திகளுக்குக் கீழே குறுக்காக இருக்கும் மெட்டில் அழுத்தி ஒரே தந்தியில் பல சுரங்கள் எடுக்கலாம், யாழில் மெட்டே கிடையாது.